மரத்தில் ஆர்க்கிட் வளர்ப்பு: ஆய்க்குடி வட்டாரத்துக்கு ஏற்ற முறை

தென்காசி, ஆய்க்குடி வட்டாரத்தில் பழைய மாமரங்களிலும் இலுப்பை மரங்களிலும், தடித்த இலைகளும் வெள்ளை நிற வேர்களும் கொண்ட செடி ஒன்று தொற்றி நிற்பதைச் சில சமயம் காணலாம். மரத்தைக் கவாத்து செய்யும்போது இதையும் புல்லுருவி என்று எண்ணி, அரிவாளால் கொத்தி எறிந்துவிடுவார்கள். அது புல்லுருவி அல்ல. நகரத்துப் பூக்கடைகளில் தண்டு தண்டாக எண்ணி விற்கப்படுகிற ஆர்க்கிட் மலர் இனத்தைச் சேர்ந்த செடி அது.

ஆர்க்கிட் என்றாலே கண்ணாடிக் கூடம், நிழல்வலை, பணக்காரர் பங்களா என்ற எண்ணம் பலரிடம் உண்டு. வீட்டு முற்றத்திலோ தோட்டத்திலோ நிற்கும் மரமே இச்செடிக்குப் போதும். ஒரு சென்ட் நிலம்கூடத் தேவை இல்லை. ஆனால் ஒன்றை மட்டும் கவனிக்கவேண்டும். குற்றாலத்தில் அருவி ஓரத்து மரத்தில் தானாகச் செழிக்கிற செடியை, அதே போல ஆய்க்குடியில் கட்டிவைத்தால் பெரும்பாலும் முதல் கோடையிலேயே காய்ந்துவிடும். மரமும் செடியும் ஒன்றாக இருக்கலாம். காற்றும் ஈரமும் வேறு. இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொண்டு வளர்ப்பவருக்குச் செடி நிலைக்கும்.

புல்லுருவியும் ஆர்க்கிட்டும்

மாமரத்துக்குப் பெரிய எதிரியான புல்லுருவி ஓர் ஒட்டுண்ணி. அதன் பழத்தைத் தின்னும் பறவை, பிசினாக ஒட்டும் விதையைக் கிளையில் தேய்த்துவிட்டுப் போகிறது. விதை முளைத்ததும் தன் உறிஞ்சு வேரைக் கட்டைக்குள் செலுத்தி, மரம் ஏற்றுகிற நீரையும் சத்தையும் எடுத்துக்கொள்கிறது. ஒட்டிய இடம் கழலை போல வீங்கும். அதற்கு மேலே உள்ள கிளை நாளடைவில் இலை சிறுத்துக் காய்ந்துபோகும். இத்தகைய கிளையை வீக்கத்துக்கு ஓர் அடி கீழே வைத்து அறுத்து எடுப்பதே சரியான வழி.

ஆர்க்கிட் அப்படி இல்லை. அதன் வேர் மரப்பட்டையின் மேலேயே ஓடும், கட்டைக்குள் இறங்குவதில்லை. வேரை மெதுவாகப் பெயர்த்தால் பட்டையின் மேல் தூசி அளவே உரிந்து வரும். அடியில் காயம் இருக்காது. செடி ஒட்டிய இடத்தில் வீக்கமும் இருக்காது. குருவி கூடு கட்ட மரம் இடம் கொடுப்பதுபோல, இச்செடிக்கும் மரம் இடம் மட்டுமே கொடுக்கிறது. எனவே மரத்தில் ஆர்க்கிட் கட்டினால் காய்ப்புக் குறையுமோ என்று அஞ்சவேண்டியதில்லை.

காற்றில் வாழும் வேர்

மண் இல்லாமல் இச்செடி எப்படி வாழ்கிறது? பதில் அதன் வேரில் இருக்கிறது. வேரைச் சுற்றி, உயிரற்ற வெற்று உயிரணுக்களால் ஆன வெள்ளைப் போர்வை ஒன்று உள்ளது. இது பஞ்சு போன்றது. மழைத்துளியோ பனியோ பட்டவுடன் உறிஞ்சி வைத்துக்கொண்டு, உள்ளே இருக்கும் வேருக்குக் கொடுக்கிறது. பட்டையில் மழைநீர் வழிந்து வரும்போது, மக்கிய இலைத்தூள், பறவை எச்சம், புழுதி ஆகியவற்றில் கரைந்த சத்தும் கூடவே வந்து சேருகிறது.

நனைந்த வேர் பச்சையாகவும், காய்ந்த வேர் வெள்ளி போல வெளுத்தும் தோன்றும். நீர் பட்டதும் பஞ்சுப் போர்வை தெளிந்து, உள்ளே இருக்கும் பச்சயம் வெளியே தெரிவதே இந்த நிறமாற்றத்துக்குக் காரணம். தண்ணீர் விடவேண்டிய நேரத்தை அறிய இதைவிட நல்ல அடையாளம் வேறு இல்லை.

பஞ்சை நனைத்துப் பிழியாமல் மூடி வைத்தால் நாறிப்போகும். அதுபோல, எந்நேரமும் நனைந்தே இருக்கும் ஆர்க்கிட் வேர் அழுகிவிடும். நனையவேண்டும், பிறகு சில மணி நேரத்தில் காயவேண்டும். மண்ணில் நட்டால் இச்செடிகள் சாவதற்கும், மரத்தில் கட்டினால் பிழைப்பதற்கும் இதுவே காரணம்.

இன்னொரு தன்மையும் உண்டு. பெரும்பாலான செடிகள் இலையில் உள்ள நுண்துளைகளைப் பகலில் திறந்து வைத்து மூச்சு விடுகின்றன. மரத்தில் வாழும் தடித்த இலை ஆர்க்கிட்டுகள் பலவும், கள்ளியையும் அன்னாசியையும் போல, இரவில் திறந்து பகலில் மூடிக்கொள்கின்றன. பகல் வெயிலில் நீர் விரயம் ஆகாமல் இருக்க இயற்கை செய்த ஏற்பாடு இது. ஆகவே இரவில் காற்றில் ஈரம் இருந்தால் செடிக்கு நல்லது.

குற்றாலம் வேறு, ஆய்க்குடி வேறு

குற்றாலம் மலைகளின் செடிச் செல்வம் வெகுகாலமாக அறியப்பட்டது. 1830-களில் ராபர்ட் வைட் என்ற தாவரவியல் அறிஞர் அங்கே தங்கிச் செடிகளைச் சேகரித்தார். ரங்கையா, கோவிந்து என்ற இரு ஓவியர்கள் அவருடைய நூல்களுக்குச் செடிகளின் படங்களை வரைந்து கொடுத்தனர். அருவி நீர்த்துளியும், மலை மறைவும், அடர்ந்த மரங்களும் அங்கே ஈரத்தைக் காக்கின்றன.

சில மைல் கிழக்கே இருக்கும் ஆய்க்குடியில் நிலை வேறு. ஆனி, ஆடி மாதங்களில் செங்கோட்டைக் கணவாய் வழியாக மேற்குக் காற்று பலமாக வீசுகிறது. சாரல் வரும் நாளில் இக்காற்று குளிர்ச்சியாக இருக்கும். சாரல் நின்ற நாளிலோ அதே காற்று ஈரத்தையெல்லாம் வாரிக்கொண்டு போய்விடும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. பிறகு மாசியிலிருந்து சித்திரை வரை வறண்ட வெயில். ஆகவே இவ்வட்டாரத்தில் ஆர்க்கிட்டுக்கு எதிரி இரண்டு. ஒன்று மேற்குக் காற்று. மற்றது பங்குனி, சித்திரை வெயில். இவ்விரண்டிலிருந்தும் செடியைக் காக்கும்படி மரத்தையும், மரத்தில் கட்டும் பக்கத்தையும், கட்டும் காலத்தையும் தேர்ந்தெடுக்கவேண்டும்.

எந்த மரம் ஏற்றது?

பட்டை சொரசொரப்பாக இருக்கவேண்டும்; உரிந்து விழக்கூடாது. இலையின் ஊடே வெயில் புள்ளி புள்ளியாக விழவேண்டும். இவ்விரண்டும் உள்ள மரம் எதுவானாலும் ஏற்றதே.

மா, பலா, வேம்பு, இலுப்பை, சப்போட்டா, புளி, தூங்குமூஞ்சி ஆகிய மரங்கள் நல்லவை. மாமரத்தில் நடுப்பகுதி இருட்டாக இருக்கும். ஆகவே வெளிச்சம் படும் கிளைகளில் கட்டவேண்டும். புளியமரத்தின் நிழல் மென்மையானது, பட்டையும் வெடிப்புள்ளது. ஆனால் புளி உலுக்கும்போது கழி பட்டுச் செடி சிதையும். எனவே கிளையில் கட்டாமல் அடிமரத்தில் கட்டுவது நல்லது.

தென்னையிலும் கட்டலாம். தோப்பின் நடுவில் உள்ள மரங்கள் ஏற்றவை. ஓரத்து மரத்தின் தண்டில் வெயில் நேராக விழும். வாண்டா போன்று வெயில் தாங்கும் வகைகள் மட்டுமே அங்கே நிலைக்கும். மரம் ஏறுபவரின் கால் படாத பக்கமாகப் பார்த்துக் கட்டவேண்டும்.

கொய்யா, தைலமரம் ஆகியவற்றின் பட்டை உரியும். பட்டையோடு செடியும் விழும். முருங்கை மெலிந்த மரம். கிளை எளிதில் முறியும். கம்பளிப்புழுத் தொல்லையும் உண்டு. இவை வேண்டாம். பூக்கும் காலத்தில் அடிக்கடி பூச்சிமருந்து அடிக்கிற மாமரத்தையும் தவிர்க்கவேண்டும். மருந்து ஆர்க்கிட்டின் பூவையும் இளவேரையும் கருக்கும்.

எந்த வகை?

இந்தியத் தாவரவியல் ஆய்வகம் 2019-ல் வெளியிட்ட நூலில் இந்தியாவில் 1,256 வகை ஆர்க்கிட்டுகள் இருப்பதாகக் கணக்கிடப்பட்டுள்ளது. இவற்றில் பாதிக்கும் மேற்பட்டவை மரத்தில் வாழ்பவை. சமவெளி விவசாயிக்கு நான்கு வகைகள் போதும்.

முதலாவது வாண்டா டெசெல்லேட்டா. இது சமவெளி மரங்களிலேயே வளரும் நாட்டு வகை. மடிந்த வார் போன்ற இலைகளும், பழுப்பு வலைக்கோடு போட்ட மணமுள்ள பூக்களும் கொண்டது. வெயிலையும் வறட்சியையும் நன்கு தாங்கும்.

இரண்டாவது நரிவால் ஆர்க்கிட். வெள்ளையும் இளஞ்சிவப்பும் கலந்த சிறு பூக்கள் நெருக்கமாகச் சேர்ந்து, நரியின் வால் போலத் தொங்கும். அசாம் மாநிலத்தின் மாநில மலர் இதுவே. அங்கே பிஹு பண்டிகையில் பெண்கள் இதைக் கொண்டையில் சூடுகிறார்கள். நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இது வளர்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை, கோடை முடிந்து மழை தொடங்கும் காலத்தில் பூக்கும்.

மூன்றாவது டென்ட்ரோபியம் ஒட்டு வகைகள். கடைகளில் அதிகம் விற்பனையாகும் ஊதாவும் வெள்ளையும் கலந்த சோனியா இவற்றில் ஒன்று. கரும்பு போன்ற கணுத்தண்டில் நீரையும் உணவையும் சேமித்து வைக்கும். ஆண்டில் பல முறை பூக்கும். ஆனால் அரை நிழலும் காற்று மறைப்பும் அவசியம்.

நான்காவது சிம்பிடியம் அலாய்போலியம். கற்றாழை போன்ற தடித்த இலைகள்; தொங்கும் பூச்சரம். பனை, தென்னை மரங்களின் மட்டை இடுக்கிலும் மரப்பொந்திலும் இயற்கையாக வளரும் வகை இது.

கடைகளில் காணும் அகன்ற இலை பலேனாப்சிஸ் அழகானதுதான். ஆனால் ஆய்க்குடிக் கோடையில் வெளி மரத்தில் நிலைக்காது.

காட்டிலிருந்து எடுக்கவேண்டாம்

குற்றாலம் மலைப் பக்கம் போனால் செடி இலவசமாகக் கிடைக்குமே என்று சிலர் எண்ணலாம். இது மூன்று வகையில் தவறு.

முதலாவது, சட்டப்படி குற்றம். காப்புக்காடுகளிலிருந்து எந்தச் செடியையும் எடுக்க 1882-ம் ஆண்டின் தமிழ்நாடு வனச்சட்டம் தடை விதிக்கிறது. 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திலும் 1991-ல் செடிகளுக்கான பிரிவு சேர்க்கப்பட்டு, சில ஆர்க்கிட்டுகளுக்குத் தனிப் பாதுகாப்பு அளிக்கப்பட்டது.

இரண்டாவது, பெயர்த்து வந்த செடி பெரும்பாலும் பிழைப்பதில்லை. பட்டையோடு ஒட்டிய வேர்கள் பெயர்க்கும்போது அறுந்துபோகின்றன. மலை ஈரத்தில் வளர்ந்த இலைகள் சமவெளிக் காற்றில் சில வாரங்களில் சுருங்கிவிடுகின்றன.

மூன்றாவது, காடு வெறுமையாகும். ஓர் ஆர்க்கிட் காயில் தூசி போன்ற விதைகள் இலட்சக்கணக்கில் இருக்கும். ஆனால் நெல்லிலும் பயறிலும் உள்ளது போல முளைக்குத் தேவையான உணவு இவ்விதையில் இல்லை. ஒருவகைப் பூசணம் வந்து சேர்ந்து உணவு கொடுத்தால்தான் முளைக்கும். இதை 1899-ல் பிரான்சு நாட்டின் நோயல் பெர்னார் கண்டறிந்தார். இலட்சம் விதையில் ஒன்றிரண்டு செடியாவதே அரிது. முளைத்தாலும் பூப்பதற்குப் பல ஆண்டுகள் ஆகும். எனவே ஒரு செடியை எடுத்தால் அந்த இடம் எளிதில் நிரம்பாது. பொதிகை மலையில் மட்டுமே வளரும், மஞ்சள் நிறக் காலணி போன்ற பூ உடைய ஓர் ஆர்க்கிட் உண்டு. வெளிநாட்டுச் சேகரிப்பாளருக்காகப் பெயர்த்துப் பெயர்த்தே அது அழியும் நிலைக்கு வந்துவிட்டது.

காட்டை நாடவேண்டிய தேவையும் இன்று இல்லை. 1922-ல் அமெரிக்க அறிஞர் லூயிஸ் நட்சன், பூசணத்தின் துணை இல்லாமல், சர்க்கரை கலந்த கூழில் கண்ணாடிக் குடுவைக்குள் விதையை முளைக்க வைத்தார். 1960-ல் பிரான்சின் ஜார்ஜ் மொரெல், குருத்துத் திசுவிலிருந்து ஒரே மாதிரியான செடிகளை உண்டாக்கும் முறையை அறிவித்தார். இன்று நாற்றுப் பண்ணைகளில் விற்கப்படும் டென்ட்ரோபியம் செடிகள் இவ்வாறு உண்டாக்கப்பட்டவையே.

செங்கோட்டையிலிருந்து குளத்துப்புழை வழியாகத் திருவனந்தபுரம் செல்லும் சாலையில் பாலோடு என்ற ஊர் உள்ளது. அங்கே 1979-ல் தொடங்கப்பட்ட ஜவஹர்லால் நேரு தாவரவியல் பூங்காவில் ஆர்க்கிட்டுகளைப் பெரிய அளவில் வளர்த்து வருகிறார்கள். ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது. செடி வாங்குமுன் இவற்றில் ஒன்றை நேரில் பார்த்து வருவது நல்ல பாடமாக அமையும். வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்திலும் நாற்றுப் பண்ணை பற்றி விசாரிக்கலாம். எங்கே வாங்கினாலும் ரசீது பெற்று வைத்துக்கொள்ளவேண்டும். பிற்காலத்தில் கன்றுகளை விற்க நேர்ந்தால், அவை காட்டுச் செடி அல்ல என்பதற்கு அதுவே அத்தாட்சி.

டென்ட்ரோபியம் வாங்கும்போது மூன்று தண்டுகளாவது உள்ள செடியைப் பார்த்து வாங்கவேண்டும். வாண்டாவானால் 5 அல்லது 6 இலைகளும், பச்சை நுனியோடு வளரும் வேர் இரண்டு மூன்றும் இருக்கவேண்டும். குடுவையிலிருந்து எடுத்த குட்டிச் செடிகள் விலை மலிவு. ஆனால் மரத்தில் கட்டினால் தாங்காது.

கட்டும் காலம்

வைகாசிக் கடைசியிலிருந்து ஆனி நடுப்பகுதி வரை, சாரல் தொடங்கும் சமயமே சிறந்தது. அப்போது கட்டினால், அடுத்த கோடை வருவதற்குள் இரண்டு பருவமழைகளின் ஈரமும் செடிக்குக் கிடைக்கிறது. ஏழெட்டு மாதத்தில் வேர் பட்டையை இறுகப் பிடித்துவிடும். மாசியில் கட்டிய செடி, வேர் பிடிக்கும் முன்பே வெயிலில் மாட்டிக்கொள்ளும். நெல் நாற்று பச்சை பிடிக்கும் முன் வயல் காய்ந்தால் என்ன ஆகுமோ, அதுவே இங்கும் ஆகும்.

காலத்தோடு செடியின் நிலையையும் பார்க்கவேண்டும். புதிய வேர் கிளம்பி, ஒரு செ.மீ. அளவுக்குப் பச்சை நுனி தெரியும்போது கட்டினால், அவ்வேர் நேராகப் பட்டையில் ஒட்டிக்கொள்ளும். நீண்டுவிட்ட பழைய வேர்கள் சரியாக ஒட்டாது.

எந்தப் பக்கம், எவ்வளவு உயரம்?

ஆய்க்குடி வட்டாரத்தில் மரத்தின் கிழக்கு அல்லது வடகிழக்குப் பக்கமே ஏற்றது. அங்கே காலை இளவெயில் படும். பிற்பகலின் கடுவெயிலை மரமே மறைத்துக்கொள்ளும். ஆனி, ஆடி மேற்குக் காற்றும் நேராகத் தாக்காது. இதில் ஒரு குறையும் உண்டு. சாரலும் மேற்கிலிருந்தே வருவதால், கிழக்குப் பக்கத்தில் குறைவாகவே நனையும். அந்தக் குறையைக் கைத்தெளிப்பால் ஈடுசெய்துவிடலாம். காற்றில் காய்ந்த வேரையும் வெயிலில் வெந்த இலையையும் மீட்க முடியாது.

உயரம் 5 முதல் 6 அடி போதும். ஆட்டுக்கு எட்டாது, தண்ணீர் தெளிக்கக் கைக்கு எட்டும். கவை பிரியும் இடத்தில் கட்டினால் செடிக்குப் பிடிமானம் கிடைக்கும். ஆனால் தண்ணீர் தேங்கும் குழியில் வைக்கக்கூடாது.

கட்டும் முறை

தொட்டியில் இருந்த செடியானால், முதலில் கரியையும் ஓட்டுத் துண்டுகளையும் உதிர்த்துவிட்டு, அழுகிய, உள்ளீடற்ற வேர்களைச் சுத்தமான கத்தியால் நீக்கவேண்டும். மீதி வேரை அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்தால் வளைந்து கொடுக்கும், ஒடியாது.

ஒரு தேங்காய் உரிமட்டைத் துண்டை ஒரு வாரம் தண்ணீரில் ஊறப்போட்டு, தினமும் தண்ணீரை மாற்றிக் கறையைப் போக்கவேண்டும். உள்ளங்கை அளவுள்ள இந்தத் துண்டை மரத்தில் வைத்து, அதன் மேல் செடியின் வேர்ப்பகுதி படியும்படி வைக்கவேண்டும். காற்று மிகுந்த நம் பகுதியில் இம்மட்டை ஈரத்தைச் சில மணி நேரம் கூடுதலாகப் பிடித்து வைக்கும். ஆனால் செடியின் அடிப்பகுதியையும் குருத்தையும் மட்டையாலோ நாராலோ மூடக்கூடாது. மூடினால் அழுகல் நிச்சயம்.

பழைய வேட்டி, சேலைத் துணியை இரு விரல் அகலத்துக்குக் கிழித்துக் கட்டலாம். சணல் கயிறும் நல்லது. இவை ஓராண்டு, ஒன்றரை ஆண்டில் தாமாகவே மக்கிவிடும். அதற்குள் வேர் பிடித்துவிடும். இரும்புக் கம்பி மரத்தை அறுக்கும். செம்புக் கம்பி ஆர்க்கிட் வேருக்கு நஞ்சு. ஆணி அடிப்பது மரத்துக்குக் கேடு. கட்டு இறுக்கமாக இருக்கவேண்டும். காற்றில் செடி ஆடினால், பட்டையில் ஒட்ட முயலும் வேர்நுனி உராய்ந்து கருகிவிடும். கட்டிய பின் கையால் மெதுவாக அசைத்துப் பார்க்கவேண்டும். அசைந்தால் இன்னொரு சுற்றுக் கட்டவேண்டும்.

வாண்டா, நரிவால் ஆகியவற்றைக் குருத்தில் நீர் தேங்காதபடி சற்றுச் சாய்த்துக் கட்டவேண்டும். டென்ட்ரோபியத்தை நிமிர்த்திக் கட்டலாம்.

தண்ணீர்

காலை வேளையே சிறந்தது. வேர் முழுவதும் பச்சையாகும் வரை கைத்தெளிப்பானால் தெளிக்கவேண்டும். ஒரு தெளிப்பு மேலோட்டமாகவே நனைக்கும். ஐந்து நிமிடம் கழித்து மறுபடியும் தெளித்தால் பஞ்சுப் போர்வை நன்கு ஊறும்.

சாரல் விழும் நாளிலும் அடைமழை நாளிலும் தெளிக்கவேண்டியதில்லை. சாரல் இல்லாமல் காற்று மட்டும் வீசும் நாளில் கட்டாயம் தெளிக்கவேண்டும். வானம் மூடியிருக்கிறதே என்று பலர் ஏமாறுவது இந்த நாட்களில்தான். மாசி முதல் வைகாசி வரை காலை ஒருமுறையும், வெயில் தாழ்ந்த பின் 4 மணி வாக்கில் ஒருமுறையும் தெளிக்கவேண்டும். பொழுது சாய்வதற்குள் இலைக்கக்கமும் குருத்தும் காய்ந்துவிடவேண்டும்.

உவர்த்தன்மை உள்ள ஆழ்துளைக் கிணற்று நீர் ஏற்றதல்ல. வேரில் வெள்ளையாக உப்புப் படியும், நுனி கருகும். ஆற்று நீர், குளத்து நீர், ஓட்டுச் சரிவிலிருந்து பிடித்து வைத்த மழைநீர் ஆகியவை நல்லவை. இரண்டு மூன்று குடம் மழைநீர் இருந்தால் பத்துச் செடிக்குப் பல நாள் வரும்.

முதல் கோடையே சோதனைக் காலம். அதைத் தாண்டிய செடிக்கு அடுத்த ஆண்டில் பாதித் தண்ணீர் போதும்.

உரம்

ஆர்க்கிட் மெதுவாக வளரும் செடி. கொஞ்சமாக, அடிக்கடி கொடுக்கவேண்டும். நீரில் கரையும் 19:19:19 உரத்தை ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிராம் வீதம் கரைத்து, ஆனி முதல் கார்த்திகை வரை வாரம் ஒருமுறை வேரிலும் இலையிலும் தெளிக்கலாம். முதலில் வெறும் தண்ணீரால் வேரை நனைத்துவிட்டு, பிறகே உரநீரைத் தெளிக்கவேண்டும். மாதம் ஒருமுறை வெறும் தண்ணீரால் நன்கு கழுவிவிடுவது நல்லது. கடும் கோடையில் உரம் வேண்டாம்.

விலைக்கு உரம் வாங்க இயலாதவர்கள், ஒரு கிலோ பசுஞ்சாணத்தை 10 லிட்டர் தண்ணீரில் கரைத்து, ஒரு நாள் தெளியவைத்து, மேலே நிற்கும் நீரை மட்டும் வடிகட்டித் தெளிக்கலாம். யூரியாவையோ தொழு உரத்தையோ கைப்பிடி அள்ளிச் செடியின் அடியில் வைப்பது பெரும் தவறு. வேர் வெந்துபோகும்.

வெளிச்சமும் கவாத்தும்

இலையே வெளிச்சத்தின் அளவைச் சொல்லிவிடும். கரும்பச்சையாக நீண்டு துவண்டால் நிழல் அதிகம், பூக்காது. வெளிர்ப்பச்சையாக விறைத்து நின்றால் வெளிச்சம் சரி. வெளுத்து, பிறகு பழுப்புத் திட்டு விழுந்தால் வெயில் அதிகம். நிழல் அதிகமானால் மேலே உள்ள சிறு கிளைகள் ஒன்றிரண்டைக் கழித்துவிடலாம். வெயில் அதிகமானால் கோடை மூன்று மாதத்துக்கு மட்டும் ஒரு தென்னங்கீற்றை மறைப்பாகக் கட்டலாம்.

டென்ட்ரோபியத்தின் பழைய தண்டுகள் இலை உதிர்ந்து மொட்டையாக நிற்கும். காய்ந்தது என்று வெட்டிவிடக்கூடாது. அழுத்திப் பார்த்தால் கெட்டியாக இருக்கும். புதுத் தண்டுக்கு வேண்டிய நீரும் உணவும் அதில்தான் இருக்கின்றன. முற்றிலும் சுருங்கிப் பழுப்பானால் மட்டும் நீக்கவேண்டும்.

பூச்சியும் நோயும்

செதில் பூச்சி, மாவுப்பூச்சி ஆகியவை இலையின் அடியில் ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சும். மரத்தில் எறும்புச் சாரி இருந்தால் இவை பெருகும். சோப்புக் கரைசலில் நனைத்த துணியால் துடைத்து எடுக்கலாம். மிகுதியானால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சிறிது சோப்புக் கரைசல் கலந்து மாலையில் தெளிக்கலாம்.

மழைக்காலத்தில் நத்தை வந்து வேர்நுனியையும் மொட்டையும் தின்னும். இரவில் கைவிளக்குடன் சென்று பொறுக்கி எடுப்பதே போதும்.

அடைமழைக் காலத்தில் குருத்தோ தண்டோ கறுத்துச் சொதசொதத்தால் அது அழுகல் நோய். நெருப்பில் காட்டிய கத்தியால் நல்ல பகுதி வரும் வரை வெட்டி எடுத்துவிட்டு, வெட்டு வாயில் லவங்கப்பட்டைத் தூளைத் தடவவேண்டும். இத்தூளை வேரில் போடக்கூடாது, வேரை உலர்த்திவிடும். நோய் பரவினால் மாங்கோசெப் மருந்தை ஒரு லிட்டருக்கு 2 கிராம் வீதம் தெளிக்கலாம். செம்பு கலந்த மருந்துகளை ஆர்க்கிட்டுக்குப் பயன்படுத்தாமல் இருப்பதே பாதுகாப்பு.

வருமானம் எவ்வளவு?

மரத்தில் கட்டிய ஆர்க்கிட்டை நம்பி வயலை விடக்கூடாது. பெருநகரப் பூக்கடைகள் ஒரே நீளம், ஒரே தரம் உள்ள தண்டுகளை வாரந்தோறும் கேட்கும். அதை நிழல்வலைக் கூடத்தில்தான் தயாரிக்க முடியும். வெனிலாவும் ஆர்க்கிட் குடும்பத்துக் கொடிதான். 2003-ம் ஆண்டு வாக்கில் அதன் விலை ஏறியதைக் கண்டு, கேரளத்திலும் கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும் பலர் கடன் வாங்கி நட்டார்கள். அடுத்த இரண்டொரு ஆண்டில் விலை சரிந்தபோது கொடிகளைப் பிடுங்கி எறிந்தார்கள். அந்தப் பாடத்தை மறக்கக்கூடாது.

சிறு விவசாயிக்கு வாய்ப்பு வேறு வழியில் இருக்கிறது. நன்கு வளர்ந்த டென்ட்ரோபியத்தின் கணுக்களில் குட்டிச் செடிகள் தாமாகவே தோன்றும். அவற்றின் வேர் 4 அல்லது 5 செ.மீ. நீண்டதும் பிரித்து எடுத்து, உரிமட்டைத் துண்டில் கட்டி வளர்க்கலாம். பெரிய தூரையும் மூன்று மூன்று தண்டாகப் பிரிக்கலாம். மட்டையில் வேர் பிடித்த செடியை வீட்டுத் தோட்டம் வைத்திருப்போர் விரும்பி வாங்குவர். சீசன் காலத்தில் குற்றாலம் பக்கம் வெளியூர் மக்கள் வந்து போகிறார்கள். பத்துச் செடி தாய்ச்செடியாக இருந்தால், மூன்றாம் ஆண்டிலிருந்து ஆண்டுக்குச் சில கன்றுகள் எடுக்கலாம். பால் விற்ற காசு, முட்டை விற்ற காசு போலக் கைச்செலவுக்கு உதவும் வருமானம் இது. வீட்டுப் பெண்களே செய்யக்கூடியது.

பிற நாடுகளில் இம்முறை வருமானத்துக்காக மட்டும் அல்லாமல், அழிந்துவரும் செடியைக் காக்கவும் பயன்படுகிறது. சிங்கப்பூரில் 1995 முதல், அந்நாட்டு ஆர்க்கிட்டுகளைக் குடுவையில் வளர்த்து, சாலையோர மரங்களில் கட்டி வருகிறார்கள். அமெரிக்காவின் மயாமி நகரில் பள்ளி மாணவர்களே இப்பணியில் பங்கு கொள்கிறார்கள். நம் பகுதியில் வாண்டாவும் நரிவாலும் மீண்டும் மாமரத்தில் பூப்பதற்கு, அவற்றை வெட்டாமல் விடுவதே முதல் படி.

முதலாண்டு மூன்று செடி

புதிதாகத் தொடங்குபவர்கள் முதலாண்டில் மூன்று செடிகளுக்கு மேல் வாங்கவேண்டாம். வரும் ஆனியில் ஒன்றை மாமரத்தின் கிழக்குப் பக்கத்திலும், ஒன்றை வடகிழக்குப் பக்கத்திலும், ஒன்றை வீட்டருகே காற்று மறைந்த மரத்திலும் கட்டவேண்டும். சித்திரை முடிவில் எந்தச் செடியின் வேர் பட்டையை அதிகம் பிடித்திருக்கிறது, எதன் இலை சுருங்காமல் நிற்கிறது என்று பார்க்கவேண்டும். அவரவர் தோட்டத்தின் காற்றையும் நிழலையும் அந்த மூன்று செடிகள் சொல்லிவிடும். அதன் பிறகு பத்துச் செடிக்குப் போகலாம்.

அதுவரை, கவாத்து செய்ய மரம் ஏறுகிறவர் அரிவாளை ஓங்குமுன் ஒரு நிமிடம் நின்று பார்க்கட்டும். ஒட்டிய இடத்தில் கிளை வீங்கியிருந்தால் அது புல்லுருவி. தயங்காமல் அறுத்து எறியலாம். வீக்கம் இல்லாமல், வெள்ளை வேர்கள் பட்டையின் மேலேயே ஓடியிருந்தால் அது ஆர்க்கிட். காசு செலவில்லாமல் கிடைத்த அந்தச் செடியை அப்படியே விட்டுவிட்டால் போதும்.